கடலுக்கு மேலே தொண்டர்கள்: வங்கக் கடலின் காவல் விமானிகளும் அவர்கள் உடுத்த உடைகளும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியக் கரையோரத்திலும் இலங்கையைச் சூழ்ந்த கடலிலும் கப்பல்களுக்கு மேலே காவல் பறந்தவர்களில் பலர் போரைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். பறத்தல் கழகங்களில் சொந்தச் செலவில் விமானம் ஓட்டப் பழகியவர்கள், வணிக நிறுவன அலுவலர்கள், பயணிகள் விமானங்களை ஓட்டியவர்கள், படிப்பை இடைநிறுத்தி வந்த இளைஞர்கள் ஆகியோர் தொண்டர்களாகப் பெயர் பதிந்து இந்தப் பணியை ஏற்றனர். நிலத்தின் மேல் பறக்கப் பழகிய இவர்கள், பெரும்பாலும் ஒற்றை இயந்திரம் பூட்டிய விமானங்களில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரம் வரை கடல் மேல் செல்ல வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கிடைத்த உடையும் உபகரணமும் ஐரோப்பாவின் குளிர் வானத்துக்கென ஆக்கப்பட்டவை. வங்கக் கடலில் குளிர் எதிரி அல்ல. வெயிலும் வியர்வையும் தீயும் கடல் நீருமே எதிரிகள். குளிரைத் தடுக்கும் உடை கடலில் விழுந்தவனை உயிரோடு வைத்திருக்கும் உடையாக மாறியதே இவ்வரலாற்றின் சாரம்.

மலைநாடும் கடல்வழியும்

இலங்கையின் மலைநாட்டில், கம்பளைக்கும் நுவரெலியாவுக்கும் இடையே மலைச்சரிவில் அமைந்த புசல்லாவை, கடலிலிருந்து வெகுதூரம் விலகிய ஊராகத் தோன்றும். ஆனால் அதன் வாழ்வு தொடக்கம் முதலே கப்பலோடு பிணைந்தது. 1841இல் வோர்ம்ஸ் சகோதரர்கள் சீனத் தேயிலைக் கன்றுகளை நட்டுப் பார்த்த றொத்சைல்ட் தோட்டம் இங்கேதான் உள்ளது. தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து குடும்பங்கள் கடல் கடந்து வந்தன. விளைந்த தேயிலை மலையிறங்கிக் கொழும்புத் துறைமுகம் சென்று கப்பலேறியது. தோட்ட மக்கள் உண்ட அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது.

இந்தக் கடல்வழி அறுந்தால் மலைநாடு பட்டினி கிடக்கும் என்பதை 1942 உணர்த்தியது. அவ்வாண்டு மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசிச் சோறு குறைந்து, கோதுமை மா தோட்டத்து அடுப்படியில் முதன்மை பெற்றது. வந்து சேரும் ஒவ்வொரு தானியக் கப்பலும், புறப்படும் ஒவ்வொரு தேயிலைக் கப்பலும் பாதுகாக்கப்பட வேண்டியதாயிற்று. அப்பாதுகாப்பின் ஒரு பகுதி வானத்திலிருந்து வந்தது.

கரையோரக் காவல் அணிகள்

வங்கக் கடலின் கரை எளிதில் தாக்கப்படக்கூடியது என்பது முதலாம் உலகப் போரிலேயே தெரிந்திருந்தது. 1914 செப்டெம்பர் 22 இரவு ஜேர்மன் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்தது. 1939இல் மீண்டும் போர் மூண்டபின் வணிகக் கப்பல் வேடமிட்ட ஜேர்மன் தாக்குதல் கப்பல்கள் இந்து சமுத்திரத்துக்குள் வந்தன. அவற்றுள் ஒன்றான பிங்குவினை 1941 மே 8ஆம் நாள் பிரித்தானியப் போர்க்கப்பல் கோர்ன்வோல் மூழ்கடித்தது. ஆனால் இவ்வளவு நீண்ட கரையை எந்நாளும் பார்த்திருக்க இந்திய விமானப்படையிடம் விமானங்களும் இல்லை, விமானிகளும் இல்லை.

இந்தக் குறையை நிரப்பவே 1939இல் இந்திய விமானப்படைத் தொண்டர் சேமப்படை உருவாக்கப்பட்டது. விமானம் ஓட்ட ஏற்கனவே உரிமம் பெற்றிருந்தவர்கள் முதலில் அழைக்கப்பட்டனர். 1930 முதல் இயங்கி வந்த மெட்ராஸ் பிளையிங் கிளப் போன்ற கழகங்கள் அத்தகையோரை உருவாக்கி வைத்திருந்தன. கழகப் பறத்தலுக்கும் இலங்கைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1935 நவம்பர் 27ஆம் நாள் இரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலாக இறங்கிய பஸ் மொத் விமானத்தைச் சென்னையிலிருந்து ஓட்டி வந்தவர் மெட்ராஸ் பிளையிங் கிளப்பின் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ.

தொண்டர்களைக் கொண்டு கரையோரக் காவல் அணிகள் அமைக்கப்பட்டன. சென்னை, பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி ஆகிய துறைமுகங்களுக்கும், பின்னர் விசாகப்பட்டினத்துக்கும் ஒவ்வோர் அணி கிடைத்தது. சென்னை அணி பரங்கிமலையைத் தளமாகக் கொண்டது. துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களை முன்சென்று கண்டு அடையாளம் அறிவது, கப்பல் தொடரணிகளுக்கு மேலே வட்டமிட்டுக் காவல் பறப்பது, நீர்மூழ்கியின் தடம் தெரிகிறதா என்று பார்ப்பது, கண்டதைக் கரைக்கு அறிவிப்பது ஆகியவை இவர்களின் அன்றாட வேலை. பல மணிநேரம் எதுவும் காணாமல் பறந்து திரும்புவதே பெரும்பாலும் நிகழ்ந்தது. எதுவும் இல்லை என்ற செய்தியை நம்பித்தான் கப்பல்கள் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டன.

விமானங்கள் பழையவை. 1927இல் முதலில் பறந்த வப்பிட்டி இரட்டை இறக்கை விமானம் முதன்மையானது. அதில் இருவர் அமரலாம். தலைக்கு மேலே கூரை இல்லை, இயந்திரம் ஒன்றே. பயணிகள் சேவையிலிருந்து பெறப்பட்ட விமானங்களும் சேர்ந்தன. வெப்ப நாடுகளின் பயணத்துக்கென வடிவமைக்கப்பட்ட, நான்கு இயந்திரங்கள் கொண்ட அட்டலாண்டா விமானங்கள் ஐந்து 1941 டிசம்பரில் கரையோரக் காவலுக்கு ஒப்படைக்கப்பட்டன. வழிகாட்டுநர் பக்கவாட்டுச் சாளரத்தின் ஊடாகச் சுடும் ஒற்றை இயந்திரத் துப்பாக்கியே அவற்றின் ஆயுதம். அவை கடைசிக் காவல் பறந்தது 1942 ஆகஸ்ட் 30ஆம் நாள்.

இத்தொண்டர் சேமப்படையிலிருந்து பின்னாளில் பெரும் பதவிகளுக்கு வந்தவர்களும் உளர். 1939 நவம்பரில் அதில் சேர்ந்த பிரதாப் சந்திர லால், 1969 முதல் 1973 வரை இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தார்.

வெயிலுக்கான தலையணி

தொடக்ககாலப் பறத்தல் உடையின் வரலாறு குளிரோடு நடந்த போராட்டத்தின் வரலாறு. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். திறந்த இருக்கையில் காற்று மோதும்போது அக்குளிர் பன்மடங்காக உறைக்கும். 1917இல் சிட்னி கொட்டன் என்ற ஆஸ்திரேலிய விமானி, எண்ணெய் ஊறிய தன் வேலை உடை மற்றவர்களின் தோல் மேலங்கியை விட வெப்பம் காத்ததைக் கவனித்து ஓர் உடை வடிவமைத்தார். காற்றுப் புகாத வெளித்துணி, இடையே பட்டு, உள்ளே மென்மயிர் என அமைந்த அந்த முழு உடை சிட்கொட் என்று பெயர் பெற்றது. பல மாற்றங்களுடன் அது இரண்டாம் உலகப் போர் வரை பிரித்தானிய விமானிகளின் உடையாக இருந்தது. 1930களில் ஆட்டுத்தோலால் ஆன இர்வின் சட்டை அதனோடு சேர்ந்தது.

சென்னைக் கரையில் சில நூறு மீற்றர் உயரத்தில் மூன்று மணிநேரம் காவல் பறப்பவருக்கு இவை பயன்படவில்லை. அங்கே காற்றே வெந்திருந்தது. விமானம் வெயிலில் நின்ற பிறகு உலோகப் பகுதிகளைத் தொட முடியாது. எனவே வெப்ப நாட்டுப் படைகளில் காக்கிச் சட்டையும் அரைக் காற்சட்டையும் பறத்தல் உடையாயின.

வெயிலைப் பற்றிய அக்கால மருத்துவ நம்பிக்கை தலையணியையும் மாற்றியது. வெப்ப நாட்டு வெயில் மண்டையோட்டின் ஊடாகவும் முதுகெலும்பின் ஊடாகவும் புகுந்து ஐரோப்பியரை வீழ்த்தும் என்று படை மருத்துவர்கள் கருதினர். நெட்டியாலோ தக்கையாலோ செய்த வெயில் தொப்பி இன்றி வெளியே செல்லக் கூடாது என்பது விதி. இதன் விளைவாக இந்தியாவிலும் ஈராக்கிலும் பணியாற்றிய விமானப்படையினருக்குத் தனியொரு தலையணி கிடைத்தது. மேற்பகுதி காக்கித் துணி போர்த்த தக்கைத் தொப்பி; இரு பக்கமும் செவியை மூடும் மடிப்புகள்; அவற்றில் கேட்குழாய் பொருத்தும் இடம்; பின்னே கழுத்தை மறைக்கும் துணி. கூரையற்ற இருக்கையில் வீசும் காற்று இந்தப் பருமனான தொப்பியைப் பிடித்திழுக்கும் என்பதால் விமானிகள் அதை விரும்பவில்லை. வெயில் தாக்குதலுக்குக் காரணம் தலையில் விழும் ஒளியன்று, உடல் முழுவதும் நீரும் உப்பும் இழப்பதே என்ற தெளிவு பரவியதும் அது வழக்கொழிந்தது.

அதன் இடத்தில் பருத்தித் தலையணிகள் வந்தன. ஐரோப்பாவில் பயன்பட்ட தோல் தலையணி தலையோடு ஒட்டிக்கொண்டு வியர்வையில் ஊறிப் பூஞ்சணம் பிடித்தது. 1940களின் தொடக்கத்தில் காக்கிப் பருத்தியால் தைத்த டி வகைத் தலையணி வழங்கப்பட்டது. பின்னர் காற்றுப் புகும் கண்ணறைத் துணியாலான ஈ வகை வந்தது. ஒருவரோடொருவர் பேச, கொஸ்போர்ட் குழாய் எனப்பட்ட இறப்பர்க் குழாய் முதலில் பயன்பட்டது. முன்னிருப்பவர் வாயால் பேசுவது குழாய் வழியே பின்னிருப்பவரின் செவிக்குப் போகும். மின்னொலி வாங்கி வந்தபின் தலையணியின் செவிப்பகுதி அதற்கேற்ப மாறியது.

கையும் காலும் மூடாமல் பறந்ததற்குப் பெரும் விலை கொடுக்க நேர்ந்தது. எரிபொருள் தீப்பற்றினால் மூடப்படாத தோல் சில நொடிகளில் வெந்துவிடும். அதே விபத்தில் மெல்லிய பருத்தித் துணி மூடிய தோல் பெரும்பாலும் தப்பியது. நீண்ட கை, நீண்ட காற்சட்டை, கையுறை, கண்ணாடி ஆகியவற்றை எவ்வளவு வெயிலிலும் கழற்றக் கூடாது என்ற ஒழுங்கு இந்தப் பட்டறிவிலிருந்து பிறந்தது.

இலவம் பஞ்சும் இறப்பர்ப் பாலும்

கடல் மேல் பறந்தவருக்கு உயிர் கொடுத்த உடை உயிர்காப்பு அங்கி. மே வெஸ்ட் என்ற அமெரிக்க நடிகையின் பெயரால் விமானிகள் அதை அழைத்தனர். 1932ஆம் ஆண்டு வகை, கழுத்தைச் சுற்றி மார்பில் விழும் துணி அங்கி. அதனுள் இலவம் பஞ்சுத் திண்டுகளும் காற்றடைக்கும் இறப்பர்ப் பையும் இருந்தன. விமானி நீரில் விழுந்த பிறகு வாயால் ஊதித்தான் பையை நிரப்ப வேண்டும். காயமுற்று அலையில் தத்தளிப்பவருக்கு அது எளிதன்று. அங்கியின் நிறமும் கடலோடு கலந்துவிடும் மங்கிய பச்சை. தேடி வருபவரின் கண்ணில் படுவதற்காக விமானிகள் தாங்களே அதன்மேல் மஞ்சள் வர்ணம் பூசிக்கொண்டனர்.

1941ஆம் ஆண்டு வகை இக்குறைகளைத் தீர்த்தது. அங்கி முழுவதும் மஞ்சளானது. இடப்புறம் இருந்த சிறு நெம்புகோலை இழுத்தால் உருளையில் அடைத்த காபனீரொட்சைட்டு வாயு பையை உடனே நிரப்பும். கடல் நீரைப் பளிச்சென்ற பச்சையாக்கும் புளோரசின் சாயப்பொதி, ஊதல் ஆகியன அதனோடு சேர்ந்தன. அதே காலத்தில் ஒருவர் மட்டும் ஏறக்கூடிய காற்றடைக்கும் படகு பரசூட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டது. ஒற்றை இருக்கை விமானத்திலிருந்து கடலில் குதித்தவருக்கும் அதன்பின் அமர்ந்திருக்க ஓர் இடம் கிடைத்தது. வெப்பக் கடலில் குளிரால் சாவது அரிது. தாகம், வெயில், சுறா, களைப்பு ஆகியவையே கொல்லும். அதனால் நீருக்கு மேலே உடலைத் தாங்கும் படகும் குடிநீரும் இங்கே கம்பளி உடையை விட மதிப்புப் பெற்றன.

இந்த உபகரணங்களின் மூலப்பொருள்கள் தென்னாசிய, தென்கிழக்காசிய மண்ணில் விளைந்தவை. உலக வணிகத்தில் புழங்கிய இலவம் பஞ்சின் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து சென்றது. 1942 மார்ச்சில் ஜாவா விழுந்ததும் நேச நாடுகளுக்கு அது கிடைக்கவில்லை. அமெரிக்காவில் எருக்கங் குடும்பத்துச் செடி ஒன்றின் காய்ப்பஞ்சை அதற்கு ஈடாகப் பள்ளிப் பிள்ளைகள் சேகரித்துக் கொடுத்தனர். ஜப்பானியப் பட்டு நின்றதால் பரசூட்டுகள் நைலோனுக்கு மாறின.

இறப்பரில் இலங்கையின் பங்கு மிகப் பெரியது. மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் ஜப்பானியர் வசமானபின், நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் பெரும்பங்கு இலங்கைத் தோட்டங்களிலிருந்தே வந்தது. மரம் பட்டுப்போனாலும் சரி, கிடைக்கும் பாலெல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று மிகைப் பால்வெட்டு நடந்தது. வைகறையில் கத்தியும் வாளியுமாகப் பால்வெட்டச் சென்ற தோட்டத் தொழிலாளரின் உழைப்பு சக்கரங்களாகவும், குழாய்களாகவும், உயிர்காப்பு அங்கிகளாகவும், காற்றடைக்கும் படகுகளாகவும் மாறியது. கடலில் மிதந்த விமானியின் உயிருக்கும் அவர் ஒருபோதும் கண்டிராத தொழிலாளியின் கைக்கும் இடையே இத்தகைய உறவு இருந்தது. போரின் வரலாற்று நூல்கள் அத்தொழிலாளருக்கு உரிய இடத்தைக் கொடுக்கவில்லை.

1942 ஏப்ரல்

தொண்டர் காவலும் அதன் உபகரணமும் கடுமையாகச் சோதிக்கப்பட்ட மாதம் 1942 ஏப்ரல். 4ஆம் நாள் மாலை, கொக்கலவிலிருந்து பறந்த கனேடிய விமானப்படையின் கற்றலினா பறக்கும் படகு, இலங்கைக்குத் தெற்கே ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைக் கண்டது. அதன் தலைவர் லெனர்ட் பேர்ச்சோல். செய்தி அனுப்பும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த ஒன்பது பேரில் மூவர் இறந்தனர், அறுவர் சிறைபிடிக்கப்பட்டனர். கடலில் விழுந்தவர்கள் மீது சூடு தொடர்ந்தது. நீருக்குள் மூழ்கி மறைய முடிந்தவர்கள் தப்பினர். காயத்தால் மூழ்க முடியாமல் உயிர்காப்பு அங்கியில் மிதந்தவர்கள் மாண்டனர். தேடும் நண்பனுக்குக் காட்டும் மஞ்சள் நிறம் சுடும் பகைவனுக்கும் காட்டும் என்ற கொடிய உண்மையை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. இரத்மலானையிலிருந்து கடற்படையின் புல்மர் விமானங்களும் விமானப்படையின் ஹரிக்கேன்களும் எதிர்த்தெழுந்தன. சீனன்குடாவிலிருந்து வந்த ஆறு சுவோர்ட்பிஷ் விமானங்கள் வழியிலேயே வீழ்த்தப்பட்டன. அவையும் வப்பிட்டியைப் போலத் திறந்த இருக்கை கொண்ட இரட்டை இறக்கை விமானங்கள். 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மீஸ் மூழ்கியது. இதே நாட்களில் வங்கக் கடலில் இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. 6ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது.

பழைய வப்பிட்டிகளால் விமானந்தாங்கிப் படையை எதிர்க்க முடியாது என்பது தெளிவாயிற்று. கரையோரக் காவல் அணிகள் 1942 முடிவதற்குள் கலைக்கப்பட்டன. அவற்றின் விமானிகளையும் தொழில்நுட்பத்தினரையும் கொண்டு புதிய அணிகள் பிறந்தன. 1942 டிசம்பர் 1ஆம் நாள் விசாகப்பட்டினத்தில் 7ஆம் இலக்க அணியும் திருச்சியில் 8ஆம் இலக்க அணியும் உருவாயின. இரண்டும் வென்ஜன்ஸ் குண்டுவீச்சு விமானங்களோடு பர்மாப் போர்முனைக்குச் சென்றன.

அலைக்கோடு அணிந்தவர்கள்

1942க்குப் பின் இலங்கைக் கடலின் வான்காவலில் இன்னொரு தொண்டர் கூட்டம் பெருகியது. பிரித்தானிய அரச கடற்படையின் விமானப் பிரிவுக்குப் போர்க் காலத்தில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் கடற்படைத் தொண்டர் சேமப்படையினர். நியூசிலாந்திலிருந்தும் பலர் வந்தனர். நிரந்தர அதிகாரிகளின் கைப்பட்டையில் நேர்கோடு இருக்க, இவர்களின் கைப்பட்டையில் அலைபோல் வளைந்த பொற்கோடு இருந்தது. அதன் வளையத்துக்குள் விமானப் பிரிவைக் குறிக்கும் ஆங்கில ஏ எழுத்து பொறிக்கப்பட்டிருந்தது.

அவர்களுக்காக இலங்கையில் பல தளங்கள் எழுந்தன. களுத்துறைக்குத் தெற்கே கட்டுக்குருந்தவில் உக்குஸ்ஸா, புத்தளத்தில் ராஜாலியா, சீனன்குடாவில் பம்பரா, கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் பேருண்டா எனச் சிங்களப் பெயர்களை அத்தளங்கள் தாங்கின. விமானந்தாங்கிக் கப்பல்களின் அணிகள் துறைமுகத்தில் நிற்கும்போது இத்தளங்களில் இறங்கிப் பயிற்சி செய்தன. விடுமுறை கிடைத்தவர்கள் கரையோர வெக்கையிலிருந்து தப்பி மலைநாட்டுக்கு வந்தனர். தேயிலைத் தோட்டத் துரைமாரின் பங்களாக்கள் பல அவர்களுக்கு இடமளித்தன.

இத்தொண்டர்களில் ஒரு பகுதியினர் அமெரிக்காவில் விமானப் பயிற்சி பெற்றவர்கள். கோர்செயர், அவெஞ்சர், ஹெல்கற் என அமெரிக்க விமானங்களையே ஓட்டியவர்கள் அவர்களிற் பலர். அதனால் அவர்களின் உடையில் இரு நாட்டுப் பொருள்களும் கலந்தன. பிரித்தானியத் தலையணியும் உயிர்காப்பு அங்கியும் ஒருபுறம், அமெரிக்க இருக்கைக்குப் பொருந்தும் பரசூட்டும் கட்டுப்பட்டைகளும் மறுபுறம். விமானம் ஒரு நாட்டினது, உடை மற்றொரு நாட்டினது என்றாகும்போது பட்டையும் கொக்கியும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே பாதுகாப்புப் பணியாளருக்கு முதன்மை வேலையானது. கப்பலின் மேற்தளத்திலிருந்து எழும்போதோ இறங்கும்போதோ விமானம் கடலில் விழுந்தால், மூழ்குவதற்குள் பட்டைகளை அவிழ்த்து வெளியேறச் சில நொடிகளே இருக்கும்.

கண்டியில் எடுத்த முடிவுகளும் பச்சை உடையும்

1944 ஏப்ரலில் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு வந்தது. அக்கட்டளையின் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டனின் அலுவலகம் பேராதனைப் பூங்காவில் அமைந்தது. கடலுக்கும் காட்டுக்கும் மேலான வான்போர் மலைநாட்டிலிருந்து திட்டமிடப்பட்டது.

இக்கட்டத்தில் படையுடையின் நிறம் காக்கியிலிருந்து காட்டுப் பச்சைக்கு மாறிக்கொண்டிருந்தது. விமானியின் உடை அதைவிட ஆழமாக மாறியது. இப்போது வீழ்ந்தவர் கடலில் மட்டுமன்றிச் சுமாத்திராவின் சதுப்பிலோ பர்மாவின் காட்டிலோ தனித்து நிற்க நேரலாம். இத்தேவைக்கு விடையாக வந்தது பீடன் உடை எனப்பட்ட பருத்தி முழு உடை. அதன் சிறப்பு பைகளில் இருந்தது. திசைகாட்டி, கத்தி, தீப்பெட்டி, நீர் தூய்மையாக்கும் வில்லை, மருந்து, துணியில் அச்சிட்ட வரைபடம், கைச்சுழல் துப்பாக்கி ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் தைக்கப்பட்டிருந்தது. பையிலோ பெட்டியிலோ வைத்த பொருள் விமானத்தோடு போய்விடும். உடலோடு கட்டிய பொருளே குதித்தவரோடு வரும் என்ற பட்டறிவின் வடிவம் அது. அத்துடன், இவ்விமானிக்கு உதவுவோருக்குப் பரிசு வழங்கப்படும் என்று பல மொழிகளில் அச்சிட்ட துணிச்சீட்டும் விமானிகளுக்குக் கொடுக்கப்பட்டது.

1945 ஜனவரியில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட பிரித்தானியப் பசிபிக் கப்பற்படை, அம்மாதம் 24ஆம், 29ஆம் நாள்களில் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கியது. அங்கே உயிரோடு பிடிபட்ட கடற்படை விமானிகள் ஒன்பது பேர் பின்னர் சிங்கப்பூரில் கொல்லப்பட்டனர். எத்துணைச் சிறந்த உடையும் சிறைப்பட்டவரைக் காக்காது என்பதற்கு அவர்களின் முடிவு சான்று.

அத்திலாந்திக் கரையில் நடந்த ஒப்பான முயற்சி

இதே காலத்தில் அமெரிக்காவிலும் பொதுமக்கள் கடல்மேல் காவல் பறந்தனர். 1942 தொடக்கத்தில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கரைக்கு மிக அருகே எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்தபோது, சிவில் வான்காவல் அமைப்பின் உறுப்பினர்கள் தங்கள் சொந்தச் சிறு விமானங்களோடு முன்வந்தனர். 1942 மார்ச் முதல் 1943 ஆகஸ்ட் வரை 21 தளங்களிலிருந்து ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் மைல் பறந்தனர். 90 விமானங்கள் இழக்கப்பட்டன; 26 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலும் கம்பளிச் சட்டையும் சாதாரண உயிர்காப்பு அங்கியுமாகத் தொடங்கிய இவர்கள், குளிர்கால அத்திலாந்திக்கில் விழுந்தவர் சிறிது நேரத்திலேயே விறைத்து இறப்பதைக் கண்டபின் நீர்புகாத இறப்பர் முழு உடைக்கு மாறினர். வங்கக் கடலின் தொண்டர்கள் உடையைக் குறைத்துக்கொண்டதும், அத்திலாந்திக்கின் தொண்டர்கள் உடையைக் கூட்டிக்கொண்டதும் ஒரே நோக்கத்துக்காகத்தான். நீரின் வெப்பநிலையே வேறுபாட்டை உண்டாக்கியது.

1939இல் தோன்றிய அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் துணைப்பிரிவு 1945 முதல் விமானிகளையும் சேர்த்துக்கொண்டது. தங்கள் விமானத்தைத் தாங்களே கொண்டு வரும் தொண்டர்கள் இன்றும் அதில் தேடுதலுக்கும் கண்காணிப்புக்கும் பறக்கின்றனர்.

போருக்குப் பின்

போர் முடிந்தும் தொண்டர் பறத்தல் உடனே மறையவில்லை. பிரித்தானியக் கடற்படை 1947இல் வார இறுதிகளில் பறக்கும் தொண்டர் அணிகளை அமைத்தது. அவை 1957இல் கலைக்கப்பட்டன. இந்தியாவில் 1952இன் சட்டத்தின் கீழ் துணை விமானப்படை உருவாகி, 53ஆம் இலக்க அணி சென்னைக்குக் கிடைத்தது. தாரை விமானங்களின் காலத்தில் வாரத்துக்கு ஒருநாள் பயிற்சி போதாது என்ற நிலை வந்ததும் துணை அணிகள் நிரந்தரப் படையோடு கலந்தன. இந்தியக் கடல்மேல் காவற்பணியை 1977இல் தொடங்கிய இந்தியக் கடலோரக் காவற்படை தன் சொந்த விமானப் பிரிவோடு ஏற்றது. இலங்கையில் விமானப்படையும் கடற்படையும் அப்பணியைச் செய்கின்றன. கடலோரக் காவல் திணைக்களம் 2009இன் சட்டத்தால் அமைந்தது.

உடையின் வளர்ச்சி தொடர்ந்தது. 1960களில் வந்த நொமெக்ஸ் இழை, தீயில் உருகாமலும் எரிந்து பரவாமலும் கருகி நின்று தோலைக் காத்தது. கை மூடாத விமானிகளின் தீப்புண்கள் கேட்ட கேள்விக்கு இதுவே நிறைவான விடை. தோலும் பருத்தியுமான தலையணியின் இடத்தைக் கடினமான கவசம் பிடித்தது. மார்பை நிறைத்த மே வெஸ்ட், இழுக்கும்வரை மடிந்து கிடக்கும் மெல்லிய கழுத்துப்பட்டை அங்கியாகச் சுருங்கியது. சாயப்பொதியும் ஊதலும் கண்ணாடியும் இன்றும் உண்டு. அவற்றோடு மின்னொளி விளக்கும், செய்மதிக்கு இருப்பிடத்தை அறிவிக்கும் சிறு வானொலிக் கருவியும் சேர்ந்துள்ளன. 1982 முதல் செய்மதியின் உதவியால் பலர் மீட்கப்பட்டு வருகின்றனர். குளிர்ந்த கடலின் மேல் பறப்பவர் நீர்புகா முழு உடை அணிகிறார். வெப்பக் கடலின் மேல் பறப்பவர் மெல்லிய தீக்காப்பு உடையோடு நிற்கிறார். தலைகீழாக நீரில் மூழ்கிய விமானத்திலிருந்து வெளியேறும் பயிற்சி, உடையைப் போலவே கட்டாயமாகியுள்ளது.

இன்றைய கடற்காவல் விமானியின் உடையில் உள்ள ஒவ்வொரு பகுதியும் முன்பு யாருக்கோ இல்லாமற் போனது. மஞ்சள் நிறம், தானே நிரம்பும் பை, உடலோடு கட்டிய படகு, நீண்ட கை, பையில் தைத்த திசைகாட்டி ஆகியவை பழைய விமானங்களில் துணிந்து பறந்த தொண்டர்களின் இழப்பிலிருந்து கற்கப்பட்டவை. அவற்றை ஆக்கிய பொருள்களில் இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் உழைப்பும் கலந்திருந்தது. வங்கக் கடலின் போர்க்கால வரலாறு இவ்விரு தரப்பினரையும் சேர்த்து எழுதப்படும்போதே முழுமை பெறும்.